'முடிந்தது' என்றால் 'குட்' தானா? கடந்தகால மோடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டென்ஸ் எல்லாம் ஒருவழியாக ஓடிவிடும். 'குட்', 'குட் ஹேவ்', 'மைட் ஹேவ்' என்று மோடல்கள், அதாவது 'முடியும்', 'கூடும்', 'வேண்டும்' மாதிரிப் பொருள் சேர்க்கிற துணைவினைகள், வந்ததும் வகுப்பு அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால்தான் காதில் ஏறும். இந்தப் பக்கத்தில் 'குட்' என்று வருவதெல்லாம் 'கேன்' என்பதன் ஜோடி. 'நல்லது' என்கிற குட் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி வருகிறது, என்ன செய்ய.

'கேன்' என்பதன் பாஸ்ட் டென்ஸ் 'குட்' என்றுதானே பள்ளியில் படித்தோம்? அதில் என்ன குழப்பம்?

படித்தது தப்பில்லை. பாதிதான் படித்தோம். முன்பு ஒரு திறமை இருந்தது, ஒரு வாய்ப்பு இருந்தது என்பதை 'குட்' சொல்லும். அன்றைக்குக் காரியம் நடந்ததா என்று கேட்டால் வாயைத் திறக்காது.

நம்முடைய 'முடிந்தது' அப்படியில்லை. 'முடி' என்கிற வினையே ஒன்று முடிவுக்கு வருவதைத்தான் குறிக்கிறது. 'பூட்டைத் திறக்க முடிந்தது' என்றால் பூட்டு திறந்துவிட்டது, ஆள் உள்ளே போய்விட்டார். 'திறக்க முடிந்தது, ஆனால் திறக்கவில்லை' என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

மனதில் 'முடிந்தது' என்று வருகிறது, கை தானாக 'குட்' என்று எழுதுகிறது. நடந்ததைச் சொல்ல வந்த வாக்கியம், நடந்திருக்கக்கூடியதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இந்தப் பக்கத்தில் மீதி இருப்பதில் பாதி இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான்.

அப்படியானால் 'நேற்று முடிக்க முடிந்தது' என்பதை எப்படிச் சொல்வது?

முதலில் ஒரு கதை. என்னிடம் படித்த ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். ராத்திரி பதினொரு மணி வரை மல்லுக்கட்டி ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மேலாளருக்கு 'ஐ குட் ஃபிக்ஸ் தி இஷ்யூ' என்று ஒரு வரி தட்டிவிட்டுப் படுக்கப் போனார். காலையில் எழுந்து பார்த்தால் பதில் வந்திருக்கிறது: 'ப்ளீஸ் டூ.'

இவர் சொல்ல நினைத்தது 'சரிசெய்ய முடிந்தது'. அங்கே போய்ச் சேர்ந்தது 'வேண்டுமானால் நான் சரிசெய்து தருகிறேன்'. கெட்டிக்காரத்தனமான பதில் ஒன்றும் இல்லை அது. அந்த வாக்கியத்தைப் படித்தால் யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட காரியம், நடந்தே விட்டது என்றால் 'வாஸ் ஏபிள் டு' போடுங்கள்: 'ஐ வாஸ் ஏபிள் டு ஃபிக்ஸ் தி இஷ்யூ.' படாதபாடு பட்டு ஒருவழியாக முடித்தோம் என்கிற தொனி வேண்டுமானால் 'மேனேஜ்ட் டு': 'ஐ மேனேஜ்ட் டு ஃபிக்ஸ் இட்.' என்னைக் கேட்டால், பத்தில் எட்டு இடத்தில் இவை இரண்டுமே தேவையில்லை. 'ஐ ஃபிக்ஸ்ட் இட்' போதும். நாம்தான் 'முடிந்தது' என்பதை மரியாதைக்காக எல்லா இடத்திலும் சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் செய்ததைச் செய்தேன் என்று சொன்னால் யாரும் அகம்பாவம் என்று நினைக்கமாட்டார்கள்.

'குட்' என்று தாராளமாக எப்போது போடலாம்?

வாக்கியத்துக்கு முன்னால் 'அப்போதெல்லாம்' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'குட்' சரி.

'அப்போதெல்லாம் பத்து ரூபாயில் வயிறாரச் சாப்பிட முடிந்தது.' பொருந்துகிறது. 'யூ குட் ஈட் யுவர் ஃபில் ஃபார் டென் ருபீஸ்.' 'தாத்தா அப்போதெல்லாம் ஒரே மூச்சில் கிணற்றின் அடி வரை போய் மண் எடுத்துவருவார்.' இதுவும் பொருந்துகிறது: 'மை கிராண்ட்ஃபாதர் குட் டைவ் டு தி பாட்டம் ஆஃப் தி வெல்.' கவனித்தீர்களா, இரண்டாவது வாக்கியத்தில் 'முடிந்தது' என்ற சொல்லே இல்லை, வெறும் 'வருவார்' தான். தமிழில் பழைய திறமையைச் சொல்ல 'வருவார்', 'போவாள்', 'பாடுவேன்' என்று எதிர்கால வடிவத்தையே போடுகிறோம். அதனால் அங்கே 'குட்' வரவேண்டும் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. தேவையில்லாத இடத்தில் போடுவதும் தேவையான இடத்தில் விடுவதும் இப்படித்தான் நடக்கிறது.

'அப்போதெல்லாம் நேற்று சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது.' இடிக்கிறது அல்லவா? இங்கே 'குட்' கூடாது. 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் தி ஃபைவ் தர்ட்டி பஸ்', இல்லையென்றால் 'ஐ காட் தி பஸ்'.

'சில சமயம் இப்படியும் இருக்கும்' என்பதற்கும் 'குட்' வரும். 'எங்கள் பழைய மேலாளர் சிரித்துப் பேசுவார், சில நேரம் கடித்துக் குதறிவிடுவார்': 'ஹீ குட் பி வெரி ரூட்.'

'நீந்தத் தெரியும்' என்பதற்கும் 'கேன்' தான், 'நீந்த முடியும்' என்பதற்கும் 'கேன்' தான். ஆங்கிலம் ஏன் இவ்வளவு சிக்கனம்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். 'கேன்' என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தில் 'குன்னன்' என்ற வினை. அதன் பொருள் 'அறிந்திருத்தல்'. அதாவது 'ஷீ கேன் ஸ்விம்' என்பது முதலில் நம் 'அவளுக்கு நீந்தத் தெரியும்' மாதிரியே புறப்பட்ட வாக்கியம். பிறகுதான் அறிவிலிருந்து உடல்வலுவுக்கும், வாய்ப்புக்கும், அனுமதிக்கும் பரவியது. 'அன்கூத்' என்று ஒரு சொல் இருக்கிறது, நாகரிகமில்லாத என்ற பொருளில். அதுவும் இதே குடும்பம்தான். பழைய பொருள் 'அறியப்படாத'.

இன்னொரு வேடிக்கை, 'குட்' என்ற சொல்லின் நடுவில் நிற்கும் 'எல்'. யாரும் அதை உச்சரிப்பதில்லை. 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் 'எல்' இருப்பதற்குக் காரணம் உண்டு: 'வில்', 'ஷால்' என்பவற்றின் பிள்ளைகள் அவை. 'கேன்' என்பதில் எங்கே 'எல்'? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து இதுவும் ஒன்றைச் செருகிக்கொண்டது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நடந்த ஒட்டுவேலை. எழுத்துப்பிழை விடுகிற மாணவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

'ஐ குட் ஹியர் எ நாய்ஸ்' என்கிறார்களே? சத்தம் ஒரே ஒரு தடவைதானே கேட்டது?

பார்ப்பது, கேட்பது, முகர்வது, உணர்வது, புரிவது, நினைவுக்கு வருவது ஆகிய வினைகளுக்கு மட்டும் சலுகை உண்டு. 'ஐ குட் ஸ்மெல் கேஸ் இன் தி கிச்சன்' என்றால் அந்த நேரத்தில் வாடை வந்துகொண்டே இருந்தது என்று பொருள். நாமும் இங்கே 'முடிந்தது' என்பதில்லை. 'வாடை அடித்தது', 'சத்தம் கேட்டது' என்று விட்டுவிடுகிறோம்.

எதிர்மறையில்?

நிம்மதியாக இருங்கள். நடக்கவில்லை என்றால் அப்போதெல்லாம், நேற்று என்ற பாகுபாடே இல்லை. 'ஐ குடன்ட் கேட்ச் தி பஸ்', 'ஐ வாஸன்ட் ஏபிள் டு கேட்ச் தி பஸ்' இரண்டும் சரி. 'ஹார்ட்லி', 'ஒன்லி' மாதிரி பாதி எதிர்மறைச் சொற்கள் வந்தாலும் இதே தளர்வு உண்டு: 'ஐ குட் ஹார்ட்லி ஸ்டாண்ட்', நிற்கவே முடியவில்லை.

அலுவலகத்தில் எல்லோரும் 'ஐ குட் ஏபிள் டு', 'ஐ கான்ட் ஏபிள் டு' என்கிறார்களே. இத்தனை பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

இத்தனை பேர் சொல்வதால்தான் யாரும் திருத்துவதில்லை. 'ஏபிள்' என்பது வினை இல்லை, 'டயர்ட்', 'ரெடி' மாதிரி ஒரு பண்புச்சொல். 'ஐ குட் ரெடி' என்று சொல்வீர்களா? அதுபோலத்தான். 'ஏபிள்' வந்தால் அதற்கு முன்னால் 'ஆம்', 'இஸ்', 'வாஸ்', 'பி', 'பீன்' என ஏதாவது ஒன்று நிற்கவேண்டும். 'குட்' வந்தால் அதற்குப் பின்னால் நேராக வினை வரவேண்டும். வீட்டுக்கு இரண்டு வாசல். ஒரே நேரத்தில் இரண்டு வழியாகவும் நுழைய முடியாது.

நேர்முகத் தேர்வில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடுகிற பிழை இது. மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதை மட்டும் இந்த வாரமே சரிசெய்துகொள்ளுங்கள்.

சரி, 'குட் ஹேவ்' எங்கே வருகிறது?

வழி இருந்தது, செய்யவில்லை. நடந்திருக்கக்கூடியது, நடக்கவில்லை. அங்கே.

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கை எடுத்துக்கொள்வோம். அதில் இருந்த உயிர்காப்புப் படகுகள் 20. எல்லாம் சேர்த்து 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தது சுமார் 2,200 பேர். படகு போதாது என்பது ஒரு கொடுமை. இருந்த இடத்தையும் நிரப்பவில்லை என்பது இன்னொரு கொடுமை: பிழைத்தவர்கள் சுமார் 700 பேர்தான். முதலாம் எண் படகு 40 பேரை ஏற்றக்கூடியது. 12 பேரோடு கடலில் இறங்கியது.

இந்த ஒரு படகை வைத்து மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள்.

'தி போட் குட் கேரி ஃபார்ட்டி பீப்பிள்.' படகின் கொள்ளளவு இது. தச்சர் சொல்கிற கணக்கு. அன்றைய இரவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

'தி போட் வாஸ் ஏபிள் டு கேரி ஃபார்ட்டி பீப்பிள் தட் நைட்.' இது பொய். நாற்பது பேர் ஏறிப் பிழைத்ததாக அர்த்தம் வந்துவிடுகிறது.

'தி போட் குட் ஹேவ் கேரீட் ஃபார்ட்டி பீப்பிள்.' இதுதான் அந்த இரவின் வாக்கியம். இன்னும் 28 பேர் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. அந்த 'ஹேவ்' ஒன்று சேர்ந்ததும் காலி இருக்கைகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

'மே ஹேவ்', 'மைட் ஹேவ்' இரண்டும் ஊகத்துக்குத்தானே? என்ன நடந்தது என்று தெரியாத இடத்தில் எதைப் போடுவது?

தெரியாது என்றால் எதைப் போட்டாலும் சரி. 'மைட்' கொஞ்சம் கூடுதலாகத் தயங்கும், அவ்வளவுதான். இதற்கு எவரெஸ்ட்டை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மோடல் பாடம் முழுவதையும் அந்த ஒரு மலையில் நடத்திவிடலாம்.

1924 ஜூன் 8. பிரிட்டிஷ் மலையேறிகள் ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சியை நோக்கிப் போகிறார்கள். கீழே இருந்த அவர்கள் குழுவின் நோயல் ஓடெல், மேகம் விலகிய ஒரு கணத்தில், முகட்டில் இரண்டு கரும்புள்ளிகள் நகர்வதைப் பார்க்கிறார். மேகம் மூடிக்கொள்கிறது. அதன்பிறகு இருவரையும் யாரும் உயிரோடு பார்க்கவில்லை. உச்சியைத் தொட்டார்களா? இன்றுவரை தீராத வழக்கு. எனவே: 'தே மே ஹேவ் ரீச்ட் தி சம்மிட்.' 'தே மைட் ஹேவ் ரீச்ட் தி சம்மிட்.' இரண்டும் சரி.

1953 மே 29 அன்று ஹிலாரியும் டென்சிங்கும் ஏறினார்கள். அதில் சந்தேகமே இல்லை. 'தே வேர் ஏபிள் டு ரீச் தி சம்மிட்', அல்லது வெறுமனே 'தே ரீச்ட் தி சம்மிட்.' இங்கே 'மே ஹேவ்' போட்டால் டென்சிங்கை அவமானப்படுத்துவது மாதிரி ஆகிவிடும்.

1999இல் மல்லோரியின் உடல் சுமார் 8,150 மீட்டர் உயரத்தில் கிடைத்தது. இடுப்பில் கயிறு இறுக்கிய காயம், கால் எலும்பு முறிவு. இப்படித் தடயம் கையில் இருக்கும்போது ஊகம் உறுதியாகிவிடுகிறது: 'ஹீ மஸ்ட் ஹேவ் ஃபாலன்', விழுந்துதான் இருக்கவேண்டும். பனிக்கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. கண்ணில் போடவேண்டியது பையில் இருந்தால்? வெயில் போன பிறகு இறங்கிக்கொண்டிருந்திருக்கலாம்: 'தே மே ஹேவ் பீன் கமிங் டவுன் இன் தி டார்க்.' பைக்குள் இருந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் இங்கே 'மஸ்ட்' போட எனக்குத் துணிச்சல் இல்லை. 'பீன்' போட்டு 'இங்' சேர்த்தால் 'கொண்டிருந்திருக்கலாம்' வந்துவிடுகிறது, பாருங்கள்.

உச்சிக்குப் போகும் வழியில் 'செகண்ட் ஸ்டெப்' என்றொரு செங்குத்துப் பாறை. 1975இல் சீனக் குழு அங்கே ஓர் ஏணியைப் பொருத்தியது. 1924இல் இருந்த கருவிகளோடு அதை ஏறவே முடியாது என்பவர்கள் சொல்வது: 'தே குடன்ட் ஹேவ் கிளைம்ட் இட்.' வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். அவ்வளவு உறுதி இல்லாதவர்கள் 'தே மே நாட் ஹேவ் கிளைம்ட் இட்' என்பார்கள், ஒருவேளை ஏறாமலும் இருந்திருக்கலாம். 'நாட்' இடம் மாறவில்லை, மோடல் மட்டும்தான் மாறியது. ஒன்று கதவைச் சாத்துகிறது, இன்னொன்று திறந்தே வைக்கிறது.

அவர்களிடம் ஒரு சின்ன கோடக் கேமரா இருந்தது. உச்சியில் எடுத்த படம் அதில் இருந்தால் வழக்கு தீர்ந்துவிடும். 2024இல் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பூட்ஸ் கிடைத்தது, கேமரா மட்டும் கிடைக்கவில்லை.

'குட் ஹேவ்' என்பதையும் ஊகத்துக்குப் போடலாமா? 'தே குட் ஹேவ் ரீச்ட் தி சம்மிட்' என்று படித்திருக்கிறேன்.

போடலாம், அங்கேதான் வில்லங்கம். அந்த வாக்கியத்துக்கு 'ஒருவேளை ஏறியிருக்கலாம், தெரியவில்லை' என்றும் பொருள் உண்டு, 'ஏறியிருக்க முடியும், ஆனால் ஏறவில்லை' என்றும் பொருள் உண்டு. முன்பின் வாக்கியங்கள்தான் தீர்ப்புச் சொல்லும். எழுத்தில் குழப்பம் வேண்டாம் என்றால் தெரியாததற்கு 'மே ஹேவ்', நழுவவிட்டதற்கு 'குட் ஹேவ்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'வந்திருக்கலாம்' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? ஒவ்வொரு தடவையும் தப்பாகிறது.

ஆங்கிலத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், நம் வீட்டிலும் இதே வில்லங்கம் இருக்கிறது. 'மாமா வந்திருக்கலாம்' என்று ஒரு வாக்கியம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு அம்மா சொன்னால், மாமா இப்போது வந்திருக்கக்கூடும் என்று பொருள். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது அம்மா அதையே சொன்னால், மாமா வரவில்லை, அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. சொல் ஒன்றுதான், குரல் வேறு.

குரலை எழுத்தில் கொண்டுவர இரண்டு வழி வைத்திருக்கிறேன். முன்னால் 'ஒருவேளை' சேர்த்துப் பாருங்கள். 'ஒருவேளை மாமா வந்திருக்கலாம்': பொருந்தினால் 'அங்கிள் மே ஹேவ் கம்'. பின்னால் ஓர் 'ஏ' சேர்த்துப் பாருங்கள். 'மாமா வந்திருக்கலாமே': பொருந்தினால் 'அங்கிள் குட் ஹேவ் கம்'. வகுப்பில் இதைச் சொன்ன பிறகு நிறையப் பேருக்கு விளங்கிவிடுகிறது, ஏனென்றால் அந்த 'ஏ'யின் ஏக்கம் பாடப்புத்தகத்தில் கற்றதில்லை, வீட்டில் கேட்டது.

'வந்திருப்பேன்', 'வந்திருக்க முடியும்' என்கிற இரண்டில் தமிழ் தெளிவாகவே இருக்கிறது. 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்றால் 'ஐ வுட் ஹேவ் கம்', கட்டாயம் வந்திருப்பேன். 'சொல்லியிருந்தால் வந்திருக்க முடியும்' என்றால் 'ஐ குட் ஹேவ் கம்', வர வழி இருந்திருக்கும். வந்திருப்பேனா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

'வந்திருக்க வேண்டும்' என்பது 'மஸ்ட் ஹேவ்' தானே?

சில நேரம். 'பைக் நிற்கிறது, அவன் வந்திருக்க வேண்டும்': தடயத்தைப் பார்த்துச் சொல்கிறோம், 'ஹீ மஸ்ட் ஹேவ் கம்'. 'பத்து மணிக்கே வந்திருக்க வேண்டும், இன்னும் காணோம்': கடமை தவறிவிட்டது, 'ஹீ ஷுட் ஹேவ் கம்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆளில்லாத இடத்தில் ஆள் வந்துவிடுவார்.

மூன்றாவதாக 'வரவேண்டியதாயிற்று'. வேறு வழியில்லாமல் வந்தார், வந்தேவிட்டார்: 'ஹீ ஹேட் டு கம்.' கடமைப் பொருளில் வருகிற 'மஸ்ட்'டுக்குக் கடந்தகாலம் கிடையாது, 'ஹேட் டு'தான் அதற்காக வேலை பார்க்கிறது.

ஹெல்மெட் விபத்து பற்றி நான் எழுதியதில் 'மே ஹேவ் டைட்' என்பதை அடித்து 'மைட் ஹேவ் டைட்' என்று திருத்தினீர்கள். இரண்டும் ஒன்று என்று மேலே சொல்லிவிட்டீர்களே?

தெரியாததற்கு இரண்டும் ஒன்று என்றேன். உங்கள் வாக்கியத்தில் எல்லாம் தெரியும். 'ஹெல்மெட் போடாமல் இருந்திருந்தால் செத்திருக்கக்கூடும்'. பையன் உயிரோடு இருக்கிறான், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நடக்காமல் போன ஆபத்துக்கு 'மைட் ஹேவ்' அல்லது 'குட் ஹேவ்'. 'ஹீ மே ஹேவ் டைட்' என்றால் செத்தானா பிழைத்தானா என்று இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரவில்லை என்று ஆகிவிடும்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதைக் கலந்துகட்டி எழுதுவது உண்மைதான், செய்தித்தாள்களிலும் பார்க்கலாம். அவர்கள் எழுதினால் வழக்கு, நாம் எழுதினால் பிழை; நியாயமில்லைதான். தேர்வு எழுதுகிறவர்கள் வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

'கான்ட் ஹேவ்' சரியா, 'குடன்ட் ஹேவ்' சரியா?

'அவர் போயிருக்கவே முடியாது, செருப்பு இங்கே கிடக்கிறது' என்பதற்கு இரண்டும் சரி. 'கான்ட் ஹேவ்' பிரிட்டன்காரர்களிடம் அதிகம். அமெரிக்கர்கள் 'குடன்ட் ஹேவ்' அல்லது 'மஸ்ட் நாட் ஹேவ்' பக்கம் சாய்வார்கள்.

'குடன்ட் ஹேவ்' சில இடங்களில் பாராட்டு. 'தி ஃபுட் குடன்ட் ஹேவ் பீன் பெட்டர்' என்று விருந்தாளி சொன்னால் சாப்பாடு சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இதைவிட நன்றாகச் சமைக்கவே முடியாது என்கிறார். 'நாட்' காதில் விழுந்ததும் முகம் வாடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

'ஹீ குட் ஹேஸ் கான்', 'ஷீ குட் ஹேவ் வென்ட்'. இவற்றில் எது சரி?

இரண்டும் இல்லை. மோடலுக்குப் பின்னால் 'ஹேவ்' எப்போதும் 'ஹேவ்' தான். அவன், அவள், அது யாராக இருந்தாலும் 'ஹேஸ்', 'ஹேட்' ஆகாது. அதற்குப் பின்னால் வி-த்ரீ, அதாவது வினையின் மூன்றாம் வடிவம்: 'கான்', 'கம்', 'சீன்', 'டேக்கன்'. ஆக, 'ஷீ குட் ஹேவ் கான்.'

பேச்சில் இந்த 'ஹேவ்' முழுதாகக் காதில் விழாது. 'குடவ்', 'மைட்டவ்', 'மஸ்ட்டவ்' என்றுதான் கேட்கும், சில சமயம் 'குடா' என்றே தேய்ந்துவிடும். படம் பார்க்கும்போது பிடிபடாமல் போவதற்கு இதுதான் காரணம். அந்த 'அவ்'வை 'ஆஃப்' என்று நினைத்து 'குட் ஆஃப்' என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலேயர்களிலேயே ஏராளம்.

அனுமதிக்கும் இதே விதிதானா?

அதே விதி, அப்படியே. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளியே போகலாம் என்றால் 'வீ குட் கோ அவுட் ஆன் சண்டேஸ்'. நேற்று ஒரு நாள் மட்டும் சீக்கிரம் கிளம்ப விட்டார்கள் என்றால் 'ஐ வாஸ் அலவ்ட் டு லீவ் எர்லி'. 'அப்போதெல்லாம்' போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

யாரையாவது கடிந்துகொள்ள 'மைட் ஹேவ்' வருமா?

வரும். வீட்டுக்கு ஆள் வருவதை முன்கூட்டிச் சொல்லாத கணவரிடம் 'யூ மைட் ஹேவ் டோல்ட் மீ!' என்று ஒரு ஆங்கிலேயப் பெண் சொன்னால் அதில் ஊகம் எதுவும் இல்லை. 'குட் ஹேவ்' போட்டாலும் இதே சூடுதான். இதை மட்டும் மொழிபெயர்க்கவே வேண்டாம், சொல்லுக்குச் சொல் நம்மிடம் இருக்கிறது: 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!'